தூத்துக்குடி மாவட்டத்தில் காலநிலை நடவடிக்கையின் பொருளியலும் அறமும்

காலநிலை நடவடிக்கையின் பொருளியலும் அறமும் என்பது, புவி சூடாதலைக் குறைப்பதற்கும் அதன் விளைவுகளைத் தாங்குவதற்கும் ஆகும் செலவை யார், எப்போது, எந்த அளவில் ஏற்க வேண்டும் என்பதை ஆராயும் துறையாகும். செலவையும் பயனையும் கணக்கிடுவது இதன் பொருளியல் பகுதி. அக்கணக்கில் யாருடைய இழப்பு சேர்க்கப்படுகிறது, யாருடைய இழப்பு விடுபடுகிறது என்று வினவுவது அறவியல் பகுதி. இவ்விரண்டும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், பொருளியல் கணக்கின் அடிப்படை எண்கள் பலவும் அறத் தீர்மானங்களின் மீதே நிற்கின்றன.

இக்கட்டுரை இவ்வினாக்களைத் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தைக் கொண்டு விளக்குகிறது. குறிப்பாக, தாமிரபரணியின் கடைமடையில் உள்ள ஆழ்வார்திருநகரி முதல் மன்னார் வளைகுடாக் கடற்கரை வரையிலான பகுதி இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கரியமில வாயுவை வெளியிடும் அனல்மின் நிலையங்களும், காலநிலை மாற்றத்தால் இழப்புக்கு உள்ளாகக்கூடிய உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் ஆகியோரும், தீர்வாக முன்வைக்கப்படும் திட்டங்கள் சிலவும் இங்கு ஒரே மாவட்டத்தில் அருகருகே உள்ளன.

பகுதியின் அமைப்பு

ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த பேரூராட்சியாகும். குருகூர் என்பது இதன் பழம்பெயர். இவ்வூரை நம்மாழ்வாரின் பிறப்பிடமாக வைணவ மரபு கொள்கிறது. இங்குள்ள ஆதிநாதர் கோயில் நவதிருப்பதிகளுள் ஒன்றாகும்.

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட திருவைகுண்டம் அணைக்கட்டு. அதிலிருந்து பிரியும் வடகால், தென்கால் என்னும் இரு கால்வாய்கள் கடைமடைக் குளங்களை நிரப்புகின்றன. தென்கால் பாசனத்தில் உள்ள குளங்களுள் கடம்பாகுளம் பெரியது. நெல், வாழை, வெற்றிலை ஆகியவை இப்பாசனத்தின் முக்கியப் பயிர்கள். ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

கடற்கரையில் வ. உ. சிதம்பரனார் துறைமுகம், உப்பளங்கள், மீன்பிடி ஊர்கள், வேதிப்பொருள் ஆலைகள், அனல்மின் நிலையங்கள் ஆகியவை உள்ளன. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் 1990களின் தொடக்கம் வரை, ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறன் கொண்ட ஐந்து அலகுகளாக, மொத்தம் 1,050 மெகாவாட் திறனில் அமைக்கப்பட்டது. 2015இல் இதனருகே தலா 500 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளைக் கொண்ட மற்றொரு நிலையம் இயங்கத் தொடங்கியது. இவற்றுக்கான நிலக்கரி கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்குகிறது. இங்கு உற்பத்தியாகும் மின்சாரம் மின்தொகுப்பின் வழியே தொலைவிலுள்ள நகரங்களுக்கும் செல்கிறது. சாம்பலும் குளிர்விப்புக்குப் பின் வெளியேறும் சூடான நீரும் இப்பகுதியிலேயே தங்குகின்றன.

விளைவுகள்

2023ஆம் ஆண்டு வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 70 செ.மீ.க்கும் குறைவு. மலைப்பகுதி அணைகளின் உபரிநீரும் சமவெளியில் பெய்த மழையும் சேர்ந்து தாமிரபரணியின் கடைமடை ஊர்களை மூழ்கடித்தன. இருப்புப்பாதையின் கீழிருந்த மண்ணும் சல்லியும் அரித்துச் செல்லப்பட்டதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடருந்து திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதிலிருந்த சுமார் 800 பயணிகளில் பெரும்பாலோர் டிசம்பர் 19இல்தான் மீட்கப்பட்டனர். அதே பாதையில் திருவைகுண்டத்துக்கு அடுத்துத் திருச்செந்தூர் நோக்கி உள்ள நிலையம் ஆழ்வார்திருநகரி.

ஒரு தனி மழை நிகழ்வு முழுவதும் காலநிலை மாற்றத்தால் விளைந்தது என்று கூற இயலாது. எனினும், காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல் உண்மை. இதனால் கனமழை மேலும் கனத்துப் பெய்யும் வாய்ப்பு உயர்கிறது. அத்துடன் தூர்ந்த குளங்கள், ஆக்கிரமிக்கப்பட்ட நீர்வழிகள் ஆகியவையும் வெள்ளச் சேதத்தைக் கூட்டுகின்றன.

பவளப்பாறைகளும் தீவுகளும்

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. இதில் 21 தீவுகள் இருந்தன. அவற்றுள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குசல்லியும் கீழக்கரைக்கு அருகிலுள்ள பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டது இதற்கு முக்கியக் காரணமாகும். அலையின் வேகத்தைத் தடுக்கும் பாறை இல்லாதபோது தீவின் மணல் அரித்துச் செல்லப்படுகிறது. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் வெட்டுதல் படிப்படியாக நின்றது.

ஆயினும் புதிய இடர் கடல்நீரின் வெப்பத்தால் வந்தது. நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறுகின்றன. வெப்பம் நீடித்தால் இறக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளிறல் நிகழ்ந்தது. வெட்டுவதைச் சட்டத்தால் நிறுத்த முடிந்தது. கடல் சூடாவதை உள்ளூர்ச் சட்டம் எதனாலும் நிறுத்த முடியாது.

உப்பளங்கள்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு உள்ளது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. உப்பு விளைய வெயிலும் காற்றும் தேவை. பருவம் தவறிய ஒரு மழை பாத்திகளில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும். பாத்திகளைச் சீர்செய்து மீண்டும் தொடங்கப் பல வாரங்கள் ஆகும். அவ்வாரங்களில் அளத்து உரிமையாளருக்கு வருமானம் குறைகிறது. நாட்கூலித் தொழிலாளிக்கு வருமானமே இல்லை. வேலை இல்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் செயற்படுத்தத் தொடங்கியது.

பொருளியல் நோக்கு

புறவிளைவு

ஒரு செயலால் ஏற்படும் இழப்பு, அச்செயலைச் செய்பவரின் கணக்கில் வராமல் பிறர் மீது விழுமானால், பொருளியலாளர் அதனைப் புறவிளைவு என்பர். நிலக்கரி மின்சாரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பழைய வகை அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. அதிலிருந்து சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 1,050 மெகாவாட் நிலையம் தன் திறனில் 70 விழுக்காடு அளவுக்கு ஓராண்டு இயங்கினால் சுமார் 640 கோடி யூனிட் மின்சாரமும் 60 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவும் உண்டாகும். மின் கட்டணத்தில் நிலக்கரியின் விலை, கப்பல் கூலி, ஊதியம், வட்டி ஆகிய யாவும் சேர்கின்றன. அவ்வாயு பிறருக்கு விளைவிக்கும் இழப்பு சேர்வதில்லை.

இவ்விழப்பைப் பண அளவில் மதிப்பிட முயன்றதன் விளைவே கரிமத்தின் சமூகச் செலவு என்னும் கருத்துரு. அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு 2010இல் இதனைத் தொன் ஒன்றுக்கு சுமார் 21 டாலர் என மதிப்பிட்டது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 190 டாலர். இவ்வளவு வேறுபாட்டுக்கு அறிவியல் முன்னேற்றம் ஒரு காரணம். கணக்கிடப் பயன்படுத்திய கழிவு வீதம் 3 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது மற்றொரு காரணம்.

கழிவு வீதம்

எதிர்காலத்தில் கிடைக்கும் ஒரு ரூபாயை இன்றைய மதிப்பில் எவ்வளவு எனக் கணக்கிட உதவுவது கழிவு வீதமாகும். நூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழும் 100 ரூபாய் இழப்பு, 1.4 விழுக்காடு வீதத்தில் இன்று சுமார் 25 ரூபாய்க்குச் சமம். 5 விழுக்காடு வீதத்தில் அது 76 காசு மட்டுமே. அதாவது, முதல் கணக்கின்படி அவ்விழப்பைத் தடுக்க இன்று 25 ரூபாய் வரை செலவிடலாம். இரண்டாம் கணக்கின்படி ஒரு ரூபாய் செலவிடுவதும் வீண்.

இங்கிலாந்து அரசுக்காக நிக்கலசு இசுடேர்ன் 2006இல் அளித்த அறிக்கை 1.4 விழுக்காட்டை ஒட்டிய வீதத்தைக் கொண்டது. உலக உற்பத்தியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டைச் செலவிட்டால், 5 முதல் 20 விழுக்காடு வரையிலான இழப்பைத் தவிர்க்கலாம் என அது முடிவு கூறியது. 2018இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்தாசு, சந்தை வட்டியை ஒட்டிய உயர்ந்த வீதத்தையே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். நடவடிக்கையைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே சிக்கனம் என்பது அவர் நிலைப்பாடு. இவ்விருவரின் கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி, பிறக்கப்போகும் ஒருவரின் நலனை இன்றுள்ளவரின் நலனுக்கு நிகராகக் கொள்வதா என்னும் அற வினாவைச் சார்ந்ததாகும்.

தாமிரபரணி அணைக்கட்டுகளை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருவைகுண்டம் அணைக்கட்டு கட்டப்பட்டு ஒன்றரை நூற்றாண்டாகியும் பயன் தருகிறது. ஆயினும், அக்காலத்தவர் தம் பேரர்களுக்காக மட்டும் அதைக் கட்டினர் எனக் கொள்ள இயலாது. பாசனப் பயனும் நீர்த்தீர்வையும் அவர்கள் காலத்திலேயே கிடைத்தன. கரியமில வாயுவைக் குறைக்கும் முதலீட்டின் நிலை வேறு. செலவு இன்று, இவ்வூரில் ஏற்படுகிறது. பயனோ பிற்காலத்தில், உலகம் முழுவதும் பரவிக் கிடைக்கிறது. ஆகவே இதில் பொருளியல் தூண்டுதல் இயல்பாகவே வலுவற்றதாக உள்ளது.

தாமதத்தின் விலை

தகவமைப்புப் பணிகளில் தாமதமும் செலவே. தாமிரபரணியில் வெள்ளக் காலத்தில் கடலுக்குச் செல்லும் உபரிநீரைக் கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றுடன் இணைத்து வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்த் திட்டம் 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. நிலம் கையகப்படுத்துதல் முதலிய காரணங்களால் பணிகள் நீண்டன. மதிப்பீடு 1,000 கோடி ரூபாயைக் கடந்தது. சோதனை ஓட்டம் 2024இல்தான், அதாவது பெருவெள்ளத்துக்குப் பின்னரே, நடைபெற்றது.

கரிமத்துக்கு விலை

புறவிளைவைச் சரிசெய்யப் பொருளியலாளர் பலரும் பரிந்துரைப்பது கரிமத்துக்கு விலை வைப்பதாகும். இந்தியாவில் 2010இல் நிலக்கரி மீது தொன் ஒன்றுக்கு 50 ரூபாய் மேல்வரி விதிக்கப்பட்டது. 2016க்குள் அது 400 ரூபாயாக உயர்ந்தது. இது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 28 காசு ஆகும். தொடக்கத்தில் இத்தொகை தூய ஆற்றல் நிதிக்கு ஒதுக்கப்பட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் மேல்வரியாக இது மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் இம்மேல்வரி நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான சரக்கு மற்றும் சேவை வரி 5இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மேல்வரி எடைக்கு விதிக்கப்பட்டது, புதிய வரி விலைக்கு விதிக்கப்படுகிறது. ஆதலால், மலிவான, தரம் குறைந்த நிலக்கரி மீதான சுமை இம்மாற்றத்தால் குறைந்தது.

அறவியல் நோக்கு

மாசுபடுத்துபவர் செலவேற்றல்

மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றை மாசுபடுத்தியது தொடர்பான வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் இந்நெறியும் முன்னெச்சரிக்கை நெறியும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆலைக் கழிவைப் பொறுத்தவரை மாசுபடுத்தியவரையும் பாதிக்கப்பட்டவரையும் அடையாளம் காணலாம். காலநிலை மாற்றத்தில் அது எளிதன்று. வளிமண்டலத்தில் சேர்ந்துள்ள வாயுவில் பெரும்பங்கு, முன்னரே தொழில்மயமான நாடுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வெளியிட்டதாகும். அதை வெளியிட்டவர்களுள் பலர் இன்று உயிருடன் இல்லை. அதன் தீங்கை அவர்கள் அறிந்தும் இருக்கவில்லை. ஆயினும் அதனால் உண்டான செல்வத்தை அந்நாடுகள் இன்றும் நுகர்கின்றன என்பது எதிர்வாதம்.

1992இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்ற உடன்படிக்கை, பொதுவான ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள் என்னும் நெறியைக் கொண்டது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி ஒன்றை அமைக்க 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2070இல் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக 2021இல் கிளாசுகோவில் அறிவித்தது.

நாட்டுக்குள்ளான பங்கீடு

உலக அளவில் கேட்கப்படும் அதே கேள்வி ஒரு நாட்டுக்குள்ளும் எழுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும் பிற பகுதிகளில் 1,000 ரூபாயும் அறிவித்தது. இவ்வெள்ளத்துக்கும் அதற்குச் சற்று முன் வடமாவட்டங்களைத் தாக்கிய மிக்சாம் புயலுக்குமாகச் சேர்த்து மாநில அரசு ஒன்றிய அரசிடம் ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய் கோரியது. நிதி வராத நிலையில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அம்மாதத்தில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தொகை ஏறத்தாழ 682 கோடி ரூபாய்.

ஊர் அளவிலும் இழப்பீடு சமமாகச் சென்று சேர்வதில்லை. பயிர் நிவாரணம் பொதுவாக நில ஆவணங்களின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு வாழை பயிரிடுபவர் கன்று, உரம், காவல், முட்டுக்கம்பு ஆகிய செலவுகளை ஏறத்தாழ ஓராண்டு முன்கூட்டியே செய்கிறார். வெள்ளத்தில் வாழை சாய்ந்தால் கடன் அவர் பெயரில் இருக்கும், பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும். கூலி வேலை செய்பவருக்கு இழக்கப் பயிரும் இல்லை, காட்ட ஆவணமும் இல்லை. அவர் இழந்த வேலைநாட்கள் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

பண அளவீட்டின் குறை

சேதத்தைப் பணத்தில் மட்டும் அளந்தால் செல்வர் வாழும் இடத்தின் சேதம் பெரிதாகவும் வறியவர் வாழும் இடத்தின் சேதம் சிறிதாகவும் தோன்றும். ஒரு துறைமுகக் கிடங்கில் நனைந்த சரக்கின் மதிப்பு, பல நூறு குடிசைகளின் மொத்த மதிப்பை விஞ்சலாம். இக்குறையைப் போக்க, வறியவர் இழக்கும் ஒரு ரூபாய்க்குக் கூடுதல் எடை தரும் முறையைப் பொருளியலாளர் சிலர் கையாளுகின்றனர். அவ்வெடை எவ்வளவு என்பதும் கழிவு வீதத்தைப் போன்றே ஓர் அறத் தீர்மானமாகும்.

மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்

காற்றாலைகள்

இந்தியாவின் முதற்கட்ட முன்மாதிரிக் காற்றாலைகள் சில 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாறு, முப்பந்தல் ஆகிய பகுதிகள் நாட்டின் முக்கியக் காற்றாலை மையங்களாயின. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை, குஜராத், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கடற்பரப்பில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளை ஊக்குவிக்க, துறைமுக மேம்பாட்டையும் உள்ளடக்கி, 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கடலில் நிறுவும் காற்றாலைக்குச் செலவு மிகுதி என்பதால் அரசு உதவியின்றி அது சந்தையில் நிற்காது என்பதே இதற்குக் காரணம்.

கரியமில வாயுவைப் பிடித்தல்

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்சு நிறுவனம், தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் முறையை 2016இல் தொடங்கியது. கார்பன் கிளீன் சொல்யூசன்சு என்னும் நிறுவனம் இதற்கான கரைப்பானை அளித்தது. ஆண்டுக்கு 60,000 தொன் வாயுவைப் பிடிக்கலாம் என்றும், அரசு மானியம் இன்றி இது இயங்குகிறது என்றும் அறிவிக்கப்பட்டபோது உலக அளவில் கவனம் பெற்றது. ஆலைக்குக் கரியமில வாயு மூலப்பொருளாகவே தேவைப்பட்டதால் இங்குச் செலவுக் கணக்கு பொருந்தி வந்தது.

இதன் எல்லைகள் இரண்டு. முதலாவது, 60,000 தொன் என்பது மேலே கணக்கிட்ட அனல்மின் நிலைய உமிழ்வில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இரண்டாவது, சோடா உப்பு கண்ணாடி செய்ய உருக்கப்படும்போது அதிலுள்ள கரியமில வாயு மீண்டும் வெளியேறுகிறது. ஆகவே இது வாயுவை நிலையாகப் புதைப்பதன்று. புதிதாக வாயு உண்டாக்கும் தேவையைத் தவிர்ப்பதே இதன் பயன்.

வான்தீவு மீட்பு

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு, பவளப்பாறை அழிவால் சில எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 2015இல் உருவான காலநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதியிலிருந்து மன்னார் வளைகுடா வாழிடங்களின் மீட்புக்கு 24.74 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியல் துணையுடன், தீவைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காங்கிரீட் செயற்கைப் பாறைகள் கடலடியில் இறக்கப்பட்டன. இவை அலையின் வேகத்தைக் குறைத்து அரிப்பைக் கட்டுப்படுத்தின. பவளங்களும் மீன்களும் தங்க இடமளித்தன. பத்தாண்டுகளுக்கு முன்னர் விலையின்றி வெட்டி எடுக்கப்பட்ட பாறை செய்துவந்த பணியைக் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று என்பது, இயற்கைச் சேவைகளின் மதிப்பைக் கணக்கில் விடுவதன் விளைவைக் காட்டுகிறது.

மாற்றுக் கருத்துகள்

காலநிலை நடவடிக்கைக்கு முன்னுரிமை தருவது குறித்துப் பல மறுப்புகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- இந்தியரின் தலைக்கான கரியமில வாயு உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. எனவே மலிவான மின்சாரத்தின் மூலம் வறுமையை நீக்குவதே முதற்கடமை என்பர். இதற்கு மறுமொழியாக, புதிய சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் புதிய அனல்மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டன எனச் சுட்டப்படுகிறது. எனினும் இரவிலும் காற்றில்லாத மாதங்களிலும் மின்சாரம் தரச் சேமிப்புக்கு ஆகும் செலவு தனியே உள்ளது.
- தூத்துக்குடி நிலையங்களை மூடினாலும் உலக வெப்பநிலையில் அளக்கத்தக்க மாற்றம் இராது. ஆகவே குளங்களைத் தூர்வாருதல், கரைகளை வலுப்படுத்துதல் போன்ற தகவமைப்புப் பணிகளுக்கே உள்ளூர்ப் பணம் செல்ல வேண்டும் என்பர். ஒவ்வோர் ஊரும் இவ்வாறே வாதிட்டால் உமிழ்வு எங்கும் குறையாது என்பது இதற்கான எதிர்வாதம்.
- அனல்மின் நிலையங்களிலும் நிலக்கரித் தளத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் உள்ளனர். நிலையம் மூடப்படுமானால் நிரந்தர ஊழியருக்கு வேறிடம் கிடைக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது உறுதியில்லை. நேர்மையான மாறுகை என்னும் கருத்துரு இவர்களுக்கான மறுவாழ்வையும் திட்டச் செலவில் சேர்க்கக் கோருகிறது.

தூய ஆற்றல் திட்டங்களும் அறச் சிக்கலுக்கு விலக்கானவை அல்ல. கானமயில் வாழிடத்தின் ஊடே சூரிய மின்தடங்கள் செல்வது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் அளித்த தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கும் எனக் கூறியது. அதே வழக்கில் ஓர் அரிய பறவையின் வாழிடமும் எதிர்த்தட்டில் இருந்தது. மன்னார் வளைகுடாவில் காற்றாலைகள் எழும்போது மீன்பிடிப் பரப்பு குறித்து இதையொத்த வினா எழும்.

பொதுவள மேலாண்மை மரபுகள்

இன்றைய ஆதாயத்தை நிறுத்திவைத்துப் பின்வரும் பயனைக் காப்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளித்தல் அரசின் கட்டுப்பாட்டில் நடந்த காலத்தில், முத்துப்பார்கள் முன்கூட்டியே ஆய்வு செய்யப்பட்டன. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதும் முத்தின் மதிப்பும் பார்க்கப்பட்டன. சிப்பி முதிராவிடில் அவ்வாண்டு குளிப்பு அறிவிக்கப்படாது. இரு குளிப்புகளுக்கு இடையே பல ஆண்டுகள் கழிவதும் உண்டு. அனைவரும் ஒருங்கே காத்திருந்ததால் காத்திருப்பு இயன்றது. தனியொருவர் மட்டும் காத்திருந்தால் மற்றவர் எடுத்துவிடுவர்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் இத்தடையின்போது மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. பொதுநன்மைக்காக ஒருவர் வருமானத்தை விட்டுக்கொடுத்தால் அதன் சுமையில் ஒரு பங்கைப் பொதுநிதி ஏற்க வேண்டும் என்பதே இத்தொகையின் அடிப்படை. உலக அளவிலான காலநிலைப் பேச்சுகளில் வளரும் நாடுகள் முன்வைக்கும் கோரிக்கையும் இதுவே.

இம்மரபுகளுக்கு எல்லையும் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. அதன்பின் குளிப்பு நிறுத்திவைக்கப்பட்டும், மீண்டும் நடத்தத்தக்க அளவுக்குப் பார்களில் சிப்பிகள் பெருகவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆயினும் அது பழைய குளிப்பை நம்பியிருந்தோரின் தொழிலை மீட்டுத் தரவில்லை. ஒரு வளம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றபின் காத்திருத்தல் மட்டும் அதனை மீட்பதில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. வெளிறிய பவளங்களைப் பொறுத்தும் இவ்வினாவே எழுகிறது. அவற்றைக் காக்க எவ்வளவு செலவிடலாம் என்னும் கணக்கு, அவை மீளக்கூடிய நிலையில் இருக்கும்வரை மட்டுமே பொருளுடையது.